லோவிசாளின் கிணறு வற்றிய கதை

தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் பறந்து வந்து சோற்றுத் தட்டில் விழுந்தாலும் தட்டிவிட்டுத் தின்கிற ஊர் அது. ரெகொபோத்புரம் என்று பெயர். வேதத்தில் வருகிற ஒரு கிணற்றின் பெயரை எடுத்து வெள்ளைக்கார மிஷனெரி ஒருவர் ஊருக்கு வைத்துவிட்டுப் போனார். பெயரை வைத்த மனுஷன் கொஞ்சம் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று ஊரார் நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில், மேலத்தெருக் கடைசி வீட்டில், லோவிசாள் என்கிற விதவை ஒரு சித்திரை மாத மத்தியானம் வற்றிக் கிடந்த தன் வீட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, “என் புருசன நான்தான் கொன்னேன்” என்று சொன்னாள். சொன்னதும் கிணற்றில் ஒரு முழம் தண்ணீர் ஏறியது.

இதற்கெல்லாம் ஆச்சரியப்பட்டு நிற்க அந்த வெயிலில் யாருக்கு நேரம்? பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் மதில்மேலிருந்து எட்டிப் பார்த்து, சுற்றி வந்து வாளியை விட்டு இறைத்து, ஒரு மடக்குக் குடித்து, உப்பில்லை, லேசாகத் துவர்க்கிறது, பருப்பு வேகும் என்று தீர்ப்புச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் மேலத்தெருவும் கீழத்தெருவும் குடத்தோடு வந்துவிட்டன. பெண்கள் வரிசை கட்டினார்கள், வரிசையில் சண்டை போட்டார்கள், சண்டை ஓய்ந்ததும் தண்ணீரைச் சுமந்துகொண்டு உலை வைக்கப் போனார்கள்.

லோவிசாள் புருஷனைக் கொன்ற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் ஏசுவடியான் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துவிடலாமா என்று கேட்டார். அந்த ஊர்ப் பெண்கள் எதற்கும் எதைச் செய்வார்களோ அதைத்தான் லோவிசாளும் செய்தாள். அலமாரியில் வாக்குத்தத்தப் பெட்டி இருந்தது. ரொட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் விரல் நீளத்துக்கு வசன அட்டைகள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு அட்டை, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள் என்றால் ஒரு அட்டை, மாடு வாங்கப் போகிறார்கள் என்றால் ஒரு அட்டை, எடுத்துப் பார்த்துத்தான் அங்கே எதிலும் கால் வைப்பார்கள். லோவிசாள் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுத்தாள். பொறுமையாய்க் காத்திருக்கச் சொல்லி வந்தது. அவருக்கும் காட்டினாள், அவரும் தலையாட்டிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துக்கொண்டார். பன்னிரண்டரை பஸ் போயிற்று. இரண்டு மணி பஸ் வருவதற்குள் அவரும் போய்விட்டார்.

பன்னிரண்டரை பஸ்ஸில் ஏற்றியிருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்று டவுனில் ஒரு டாக்டர் சும்மா இருக்கமாட்டாமல் சொல்லிவைத்தார். அந்தச் சொல் லோவிசாளுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. விடிந்து எழுந்தால் நீதானே கொன்றாய் என்று கேட்கும், உலையில் அரிசி போட்டால் உனக்கு ஒரு சோறா என்று கேட்கும், கோயிலுக்குப் போனால் இங்கே உனக்கென்ன வேலை என்று கேட்கும். அவளும் ஆமாம் ஆமாம் என்று பதில் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டி, அப்புறம்தான் அந்தச் சித்திரை மத்தியானம் கிணற்றடிக்கு வந்தாள்.

கிணற்றின் போக்கு முதல் வாரத்திலேயே ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் சும்மா அழுதால் தண்ணீர் வராது, புருஷனை நினைத்து ஏங்கினாலும் வராது. என்னால்தான் எல்லாம், நான் எதற்கும் லாயக்கில்லாதவள், எனக்கு மன்னிப்பே கிடையாது என்று வாய்விட்டுச் சொன்னால்தான் வரும். அதிலும் மன்னிப்பே கிடையாது என்கிற இடத்தில் குபுகுபுவென்று வரும். ஆகவே ஊர் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு ஒரு நாளென்று முறை வைத்துக் குழம்பும் கூட்டும் கொண்டுவந்தார்கள், கொண்டுவந்த கிண்ணத்தை வைத்துவிட்டு, அண்ணாச்சி இருந்தா இந்தக் கருவாட்டுக் குழம்ப எப்படிச் சாப்பிடுவாரு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சபைக் கமிட்டிச் செயலர் வேதமாணிக்கம் ஏசுவடியானின் போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுக்குள் மாட்டினால் அவள் அடுப்படியில் இருக்கும்போது தெரியாதே என்று, கிணற்றுத் தூணில் கப்பிக்குக் கீழே மாட்டிவைத்தார். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை முடிந்து வந்து அவள் சொன்ன சொல்லுக்குக் கிணறு விளிம்பு வரைக்கும் வந்து நின்றது, அன்றைக்கு ஊரே தலைக்கு ஊற்றிக் குளித்தது.

ஒருமுறை மட்டும் தவறு நேர்ந்தது. கீழத்தெருவில் ஒரு கல்யாணத்துக்கு அவளை அழைத்திருந்தார்கள்; மாப்பிள்ளைத் தோழன் செய்த கோமாளித்தனத்தைப் பார்த்து அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்; அங்கே அவள் சிரிக்க, இங்கே கிணற்றில் வாளி தரையில் முட்டி, முந்நூறு பேருக்கு அரிசி களைந்து வைத்த சமையல்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவளை யாரும் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. அவள்மேல் கோபமெல்லாம் இல்லை, அவளுக்கு எதற்குச் சிரமம் என்றுதான் சொன்னார்கள். சபைக்கு மாறி வருகிற குருவானவர்களிடமும் வேதமாணிக்கம் முதல் நாளே பணிவாகச் சொல்லிவைப்பார்: பிரசங்கத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் ஐயா, சித்திரை வைகாசியில் மட்டும் மன்னிப்பைப் பற்றிப் பேசாதீர்கள், ஊர் தாங்காது. இரண்டு குருவானவர்கள் அப்படியே நடந்துகொண்டு, நல்ல பெயரோடு மாறிப் போனார்கள்.

இதற்கெல்லாம் லோவிசாள் சம்மதித்திருந்தாள் என்பதுதான் வயிற்றெரிச்சல். கொலைகாரியான என்னால் நாலு பிள்ளைகளுக்காவது தாகம் தீருகிறதே என்று அவள் நினைத்தாள், அதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமைகூட இருந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து நடக்கும். எல்லாரும் எழுந்து பீடத்தண்டை முழங்கால் போடப் போவார்கள், லோவிசாள் மட்டும் கடைசிப் பாயில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்த அப்பத்தைத் தொடத் தகுதியில்லை என்று அவள் சொல்ல, என்ன தாழ்மை பாருங்கள் என்று ஊர் உச்சுக்கொட்டியது. இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று.

ஒன்பதாவது வருஷத்துச் சித்திரையில் கனகரத்தினத்தின் மருமகள் மெர்லினுக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம், இருபத்திரண்டு வயசு, சிரித்தால் கண் மூடிக்கொள்கிற பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் லோவிசாள் தன் கிணற்றடியில் நின்று வழக்கமான முதல் வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தபோது, அதே வார்த்தை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு குரலில் வந்தது.

“நான்தான். என் புள்ளைய நான்தான் தின்னுட்டேன்.”

லோவிசாள் கல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். கனகரத்தினம் வீட்டுக் கிணறு இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிற குழி. அதன் விளிம்பில் மெர்லின் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றாள். பக்கத்தில் மாமியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சாண் வந்திருக்கு, இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு, மன்னிப்பே கிடையாதுங்கிறத விட்டுட்ட பாரு என்று கனகரத்தினம் எடுத்துக்கொடுத்தாள். அவள் கொடுமைக்காரி ஒன்றும் அல்ல; மருமகளுக்கு மூன்று வேளையும் மருந்துக் குழம்பு வைத்துக் கொடுத்தவள். பக்கத்து வீட்டில் நடப்பது நம் வீட்டிலும் நடக்கட்டுமே என்று நினைத்தாள், அவ்வளவுதான். கீழத்தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் பெண்களைக் கிணற்றடியில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது லோவிசாளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஐம்பத்து மூன்று வயசில் லோவிசாள் மதில் ஏறிக் குதித்தாள். மதில்மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லில் சேலை மாட்டி முழ நீளத்துக்குக் கிழிந்தது. நேராகப் போய் மெர்லினின் தோளைப் பிடித்துத் திருப்பி, தன் கையாலேயே அவள் வாயைப் பொத்தினாள்.

“சொல்லாதட்டி. நீ ஒண்ணுமே செய்யல. உன்மேல ஒரு குத்தமும் கெடையாது.”

மெர்லின் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“பஸ்ஸ விட்டதுக்கே ஒங்களுக்கு மன்னிப்பு கெடையாதுன்னா, வயித்துல வச்சிருந்ததையே விட்டவ நான், எனக்கு மட்டும் எப்படிக் கெடைக்கும் சித்தி?”

ஒன்பது வருஷமாக லோவிசாள் பேசியதெல்லாம் மதிலைத் தாண்டிப் போய் ஒரு சின்னப் பெண்ணின் வாயில் குடியேறியிருந்தது. லோவிசாள் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்படியில் தரையோடு உட்கார்ந்தாள். இந்தப் பிள்ளைக்கு மன்னிப்பு உண்டு, மன்னிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆறுதல் உண்டு, அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. யாராவது இல்லை என்று சொன்னால் நாக்கை இழுத்துவைத்து அறுத்துவிடுவாள். அப்படியென்றால் ஆண்டவர் பக்கத்து வீட்டுக்கு ஒரு மாதிரி, இந்த வீட்டுக்கு ஒரு மாதிரியா? அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. ஒன்பது வருஷமாக மன்னியும் மன்னியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், அவர் என்ன சொல்கிறார் என்று ஒருநாளாவது நின்று கேட்டாளா? கேட்டுவிட்டு உடனே கிணற்றடிக்கு ஓடிவிடுவாள், அங்கே குடங்கள் காத்திருக்கும்.

அன்றைக்கு ஓடவில்லை. வெளியே குடங்கள் டங்டங்கென்று தட்டிக் கூப்பிட்டன, அவள் எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, சண்டைக்காரி பேசுகிற மாதிரியே ஆண்டவரோடு பேசினாள்.

“நான் செஞ்சது தப்புதான். ஆளப் பாக்காம அட்டையப் பாத்தேன். அத அன்னைக்கே உம்மகிட்ட அழுது சொல்லிட்டேன், நீரும் அதச் சிலுவையில சுமந்தாச்சு. நீர் சுமந்தத உம்ம தோள்லேருந்து தெனமும் புடுங்கிட்டு வந்து கெணத்துல போட்டேனே, அது தாழ்மை இல்ல ஆண்டவரே, திருட்டு. இனிமே தொடமாட்டேன். இது உம்முது.”

வெளிச்சம் ஒன்றும் வரவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக அவளுக்குப் பசித்தது. தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அந்தப் பழைய குரல் சொல்லிவைத்தது போல வந்துவிட்டது. நீதானே கொன்றாய் என்றது. தப்பு செஞ்சேன், மன்னிச்சாச்சு, எடத்தக் காலிபண்ணு என்றாள் லோவிசாள். அரிசி களையும்போது வந்தது, உனக்கெல்லாம் ஒரு சோறா என்றது. ஆமா, கொழம்பும் உண்டு என்றாள். வாசல் பெருக்கும்போது வந்தது, பேசாமல் விளக்குமாற்றை அதற்கும் சேர்த்துப் போட்டாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை வந்தால் நாற்பது தடவையும் தெருச் சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்று பதில் கொடுத்தாள். ஒருமுறை முற்றத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள், அழுது முடித்து எழுந்து மறுபடியும் பதில் கொடுத்தாள். கிணறு தினம் ஒரு முழமாக இறங்கிக்கொண்டே வந்தது. மத்தியானங்களில் மதில் ஏறிப் போய் மெர்லினுக்குத் தலைவாரிவிட்டாள், அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் அவள் சொல்லவேண்டிய பதிலையும் இவளே சொன்னாள். கனகரத்தினம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் தடுக்கவில்லை.

ஊர் கணக்குப் பார்க்க ஆரம்பித்தது. வைகாசி கடைசியில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, பண்டிகைக்கு அசனம், சுற்று வட்டாரத்திலிருந்து இரண்டாயிரம் பேர் பந்தியில் உட்காருவார்கள், சோறு வடிக்கத் தண்ணீர் வேண்டும். வேதமாணிக்கம் கமிட்டியைக் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தார். உன் விசுவாசம் எங்களுக்குப் புரியாமல் இல்லை என்றார், வாலிப நாளில் தானும் இப்படித்தான் வைராக்கியமாக இருந்ததாகச் சொன்னார், ஊர் நன்மைக்காக ஒரு மனுஷி கொஞ்சம் பொறுக்கக்கூடாதா என்று கேட்டார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“அசனம் முடியுற வரைக்கும்தாம்மா. அது முடிஞ்சதும் நீ தாராளமா மன்னிப்பு வாங்கிக்கோ.”

“வாங்கியாச்சு அண்ணாச்சி,” என்றாள் லோவிசாள். “திருப்பிக் குடுக்க மாட்டேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. புதிதாக மாறி வந்திருந்த குருவானவர் வைகாசி மாதம் என்பதைப் பார்க்காமல், அல்லது பார்த்துவிட்டே, மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். முன்வரிசையில் வேதமாணிக்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் எழுந்தபோது கடைசிப் பாயிலிருந்து லோவிசாளும் எழுந்தாள். எழுந்து, தூண் மறைவில் உட்கார்ந்திருந்த மெர்லினின் கையைப் பிடித்தாள். மெர்லின் வரமாட்டேன் என்று தலையாட்டினாள். வராட்டா நானும் போமாட்டேன் என்று லோவிசாள் அங்கேயே நின்றுகொண்டாள், பாட்டு முடிந்து மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள், அவள் நகரவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளை எழுந்தது. இரண்டு பேரும் ஊர் முழுக்கப் பார்க்க நடுவழியே நடந்து போய்ப் பீடத்தண்டை முழங்கால் போட்டார்கள், உள்ளங்கையில் அப்பம் விழுந்தது, லோவிசாள் அதை வாயில் போட்டு மென்றாள். அந்த நேரத்தில் மேலத்தெருவிலிருந்து, யாரோ விட்ட வாளி வெறும் பாறையில் மோதுகிற சத்தம் கோயில் வரைக்கும் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும்.

ஆராதனை முடிந்ததும் ஊரே அவள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. குருவானவரும் வந்தார். அவர் நல்ல மனுஷர், கொஞ்சம் கதை கேட்டு வளர்ந்தவர்; துக்கத்துக்கு வந்த தண்ணீர் சந்தோஷத்துக்கு வராதா, இப்போது உள்ளதைச் சொல்லிப் பாருங்கள், கிணறு பொங்கி வழியும் என்றார். ஊருக்கும் அது நியாயமாகப் பட்டது. பெண்கள் குடங்களை அருகில் நகர்த்திவைத்தார்கள். லோவிசாளுக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஒருவருக்கும் மனவருத்தம் இல்லாமல் முடிந்துவிடுமே. கிணற்று விளிம்பில் கை ஊன்றி, “ஆண்டவர் என்ன மன்னிச்சிட்டாரு” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இன்னொருமுறை சத்தமாகச் சொன்னாள். ஓர் ஓணான் பாறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பொந்துக்குள் போயிற்று. ஊர் அவளைப் பார்த்தது, குருவானவர் தரையைப் பார்த்தார். அந்தப் பழைய குரல் காதோரத்தில் சிரித்தது. பார்த்தாயா, பொய் என்றது.

லோவிசாள் நிமிர்ந்தாள். தூணில் மாட்டியிருந்த ஏசுவடியானின் போட்டோவைக் கழற்றி, முந்தானையால் தூசியைத் துடைத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் மாட்டி, ஆசைதீரப் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

“தண்ணி வராட்டாலும் அது நெசந்தான்,” என்றாள்.

அவ்வளவு பேரிலும் மெர்லின்தான் முதலில் தன் காலிக்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். இனி என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். மற்ற ஊரெல்லாம் என்ன செய்கிறதோ அதைத்தான் என்றாள் லோவிசாள். அப்போதுதான் வேதமாணிக்கம் தொண்டையைச் செருமி, ஆற்றுத் தண்ணீர்க் குழாய்த் திட்டம் வந்தபோது எங்கள் ஊருக்கு அவசியமில்லை என்று ஏழு வருஷத்துக்கு முன் தானே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஒரு மனுஷியின் பாவம் கைவசம் இருக்கும்போது குழாய் எதற்கு என்று அப்போது எல்லாருக்கும் தோன்றியிருந்தது. அதைக் கேட்டு அவரைத் திட்ட வாயெடுத்த பெண்கள், அதில் கையெழுத்துப் போட்டவர்களில் தங்கள் புருஷன்மாரும் உண்டு என்று நினைவு வந்து, அவர்கள் பக்கம் திரும்பினார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரெகொபோத்புரத்துப் பெண்கள் காலிக்குடங்களோடு மெயின்ரோட்டில் உட்கார்ந்தார்கள். கனகரத்தினமும் வந்தாள், மருமகளுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் மூன்று மைலுக்கு நின்றன. பதினொரு மணிக்கு ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து இறங்கி, ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறதே, அது என்ன ஆயிற்று என்று கேட்டார். பெண்கள் லோவிசாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

“அது தண்ணி இல்லய்யா, என் பாவம். ஒம்பது வருசமா ஊரு அதத்தான் குடிச்சுது. அது எப்பவோ தீந்துபோச்சு, எனக்குத்தான் தெரியாம இருந்துது. நீங்க கொழாயப் போடுங்க.”

அதிகாரி பேனாவைத் திறந்தார், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் தேடினார், பிறகு நிமிர்ந்து, இனி அந்தக் கிணற்றில் வரவே வராதா, நன்றாகத் தெரியுமா என்று கேட்டார்.

“வரவே வராது,” என்று சொல்லிவிட்டு, லோவிசாள் தன் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, கொதிக்கிற தார்ரோட்டின் நட்டநடுவில், அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.